மருந்துப் பானையும் மதுப் பானையும்

பாரத நாட்டின் எந்த மூலையில் சென்று குடியேறினாலும், தமிழர்களாகிய நாம் புதிதாகக் கற்க வேண்டியிராத சொற்கள் சில உண்டு. கல்கத்தாவில் கவிராஜரின் கடையாகட்டும், பம்பாயில் வைத்தியசாலையாகட்டும், டில்லிக் கரோல்பாக்கில் மருந்தங்காடியாகட்டும், எங்கே நுழைந்தாலும் தசமூலாரிஷ்டம், திராட்சாசவம், அசோகாரிஷ்டம் என்னும் புட்டிகள் அலமாரியில் வரிசையாக நிற்கும். எழுத்து வங்காள எழுத்தாக இருக்கலாம், நாகரியாக இருக்கலாம், பெயர் ஒன்றுதான். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக ஊரிலிருந்து வந்த தாயார், கடைத்தெருவின் மொழி ஒரு வார்த்தையும் அறியாதவராயினும், இந்தப் பெயரைச் சொல்லியே மருந்தை வாங்கி வந்துவிடுகிறார்.

அந்தப் புட்டியின் மேல் ஒட்டிய தாளைச் சற்று ஊன்றிப் பார்ப்போமானால், தானே விளைந்த மதுசாரம் இத்தனை பங்கு என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் கண்ணில் படும். நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை அது இருப்பது வழக்கம். மதுவென்றால் முகம் சுளிக்கும் குடும்பங்களிலும் இது தயக்கமின்றிப் புழங்குகிறது. இன்று இது தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான புட்டிகளாகப் பிறக்கும் சரக்கு. முன்னொரு காலத்தில் இதுவும், இதன் உறவினமான பல பானங்களும், வீட்டில் பானையிட்டு ஊறவைத்தவை. மருந்துப் பானை எது, மதுப் பானை எது என்று பிரித்தறிவது அரசுக்கு என்றுமே எளிதாக இருந்ததில்லை. வீட்டில் அந்தப் பானையை வைக்கும் உரிமையை யார் கொடுத்தார்கள், அது எவ்வாறு குறைந்தது, எங்கே இன்னும் எஞ்சியிருக்கிறது என்பதையே நாம் இங்கே காணப் புகுகிறோம்.

முதலில் சொற்களைத் தெளிந்துகொள்வோம். மூலிகையைக் கொதிக்க வைக்காமல் பச்சை நீரிலேயே ஊறவைத்து நொதிக்கச் செய்தால் அது ஆசவம். மூலிகையைக் காய்ச்சிக் கஷாயமாக்கி, ஆறிய பிறகு நொதிக்கச் செய்தால் அது அரிஷ்டம். இந்தப் பாகுபாட்டைத் தெளிவுபடச் சொன்னவர் 13, 14ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த சார்ங்கதரர். அவருக்கு முந்திய நூல்கள் இவ்விரு சொற்களையும் அத்துணை கறாராகப் பிரித்து வழங்கவில்லை. வடமொழியில் 'அரிஷ்டம்' என்பதற்குக் கேடில்லாதது என்பது பொருள். பிள்ளை பெறும் அறைக்கும் அதே சொல் வழங்கிற்று. அந்த அறைக்கும் இந்த மருந்துக்கும் இன்றுவரை தொடரும் உறவை எண்ணும்போது இது சுவையான பொருத்தமாகத் தோன்றுகிறது.

சரகர் தம் நூலின் சூத்திரஸ்தானத்தில் ஆசவங்களுக்கு ஒரு பட்டியலே தந்திருக்கிறார். தானியத்தில் 6, கனியில் 26, வேரில் 11, மர வைரத்தில் 20, பூவில் 10, தண்டில் 4, இலையில் 2, பட்டையில் 4, சர்க்கரையில் 1, ஆக 84. மரத்தின் வைரத்திலிருந்து மட்டும் இருபது வகைப் பானம் வைத்தார்கள் என்றால், அந்தக் காலத்து வைத்தியரும் வீட்டுப் பெண்டிரும் காட்டை எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டும்! அதே சரகர், குடி மிஞ்சினால் வரும் நோய்களுக்கும் சிகிச்சைப் பகுதியில் ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கினார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பானத்தைப் போற்றுவதும் அதற்கு அஞ்சுவதும் ஒரே ஏட்டில் அடங்கியிருந்தன.

வைத்தியர்களை விட்டு அரசர்களிடம் வருவோம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த நூல். தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்த ஓலைச்சுவடியிலிருந்தே அது மீண்டும் உலகுக்குக் கிடைத்தது. சாமசாஸ்திரியார் அதனை 1909இல் பதிப்பித்தார். காவிரிக் கரையில் யாரோ கட்டிக் காத்த அந்தச் சுவடி இல்லையெனில், நாம் இப்போது சொல்லப்போகும் செய்திகளில் பெரும்பகுதி கிடைத்திராது.

அதன் இரண்டாம் அதிகரணத்தில் மது அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. மேதகம், பிரசன்னம், ஆசவம், அரிஷ்டம், மைரேயம், மது என ஆறு வகைகளை அது கூறுகிறது, செய்முறையும் தருகிறது. ஆசவத்துக்கு விளாம்பழம் நூறு பலம், கரும்புப் பாகு ஐந்நூறு பலம், தேன் ஒரு பிரஸ்தம். மைரேயத்துக்கு மேஷசிருங்கிப் பட்டையின் கஷாயத்தில் வெல்லமிட்டு, திப்பிலியும் மிளகும் அல்லது திரிபலையும் பொடித்துச் சேர்க்க வேண்டும். அரிஷ்டத்துக்கு மட்டும் அவர் அளவு சொல்லவில்லை. நோய்க்கு நோய் வேறுபடும் அதன் அளவு வைத்தியர் சொல்லும் அளவே என்று விட்டுவிட்டார். அரசன் கணக்கெழுதும் நூலில், இது எங்கள் துறையன்று என்று ஓரிடத்தில் ஒதுங்கி நின்றது பெருந்தன்மைதான்.

நொதி உண்டாக்கும் 'கிண்வம்' என்ற மாவுக்கு அவர் சொல்லும் சேர்க்கையைக் கேட்டால் நம் இல்லத்தரசிகள் புன்முறுவல் செய்வார்கள். உளுந்து அரைத்த விழுது, அதனுடன் அரிசி, சில மூலிகைகள். இட்லி மாவை இரவில் மூடி வைத்துவிட்டு, மறுநாட்காலை அது பொங்கியிருப்பதைக் கண்டு மகிழ்பவர்கள் கிண்வத்தின் தூரத்து உறவினர்கள் என்றே கூறலாம். இந்த நொதிப் பொருளைச் சேகரிக்கும் வேலையைப் பெண்களும் சிறுவரும் செய்ய வேண்டுமென்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. ஆக, தொழிலின் வேர் வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது.

நம் கதைக்கு இன்றியமையாதது இதற்கடுத்து வரும் விதி. மது வடிப்பதும் விற்பதும் அரசின் தனியுரிமை, மீறினால் தண்டம். எனினும் குடும்பத்தார் தம் வீட்டு விசேஷங்களுக்கு வெண்ணிறச் சுரையையும், மருந்துக்காக அரிஷ்டம் முதலியவற்றையும் தாமே செய்துகொள்ளலாம். திருவிழா, கூட்டம், யாத்திரை ஆகிய காலங்களில் நான்கு நாள்களுக்குப் பொது அனுமதியும் உண்டு. அரசுச் சரக்கு அல்லாததை விற்போர் நூற்றுக்கு ஐந்து வரி செலுத்த வேண்டும். உளவும் தண்டமும் நிரம்பிய, ஈவிரக்கமற்ற நூல் என்று பெயர் வாங்கிய அர்த்தசாஸ்திரம், வீட்டின் வாசற்படியில் வந்து நின்று, உள்ளே இருப்பது மருந்துப் பானையானால் நாம் நுழையவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறது! பின்னால் வந்த ஆட்சிகள் இந்த அளவு தாராளத்தைக் காட்டவில்லை. வீட்டிற் சமைத்த நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப்பெயரிட்டு அழைத்த சங்ககாலத் தமிழகமும் இதே உலகத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தப் பானை எவ்வாறு வைக்கப்பட்டது? சார்ங்கதரர் தரும் பொது அளவு இது. நூலில் தனியளவு சொல்லப்படாத இடங்களில், திரவம் ஒரு துரோணம், வெல்லம் ஒரு துலாம், தேன் அரைத் துலாம், மேலே தூவும் பொடிச் சரக்கு வெல்லத்தில் பத்தில் ஒரு பங்கு. இக்கால மருந்து நூல்களின் கணக்கில் ஒரு துரோணம் 12.288 லிட்டர், ஒரு துலாம் 4.8 கிலோ. எனவே சுமார் பன்னிரண்டேகால் லிட்டர் கஷாயத்துக்கு வெல்லம் 4.8 கிலோவும், தேன் 2.4 கிலோவும், ஏலம், இலவங்கம், திப்பிலி முதலிய பொடிகள் 480 கிராமும் சேரும். இவ்வளவு இனிப்பும் மதுசாரமாக மாறிவிடுவதில்லை. மதுசாரம் ஓரளவுக்கு மேல் ஏறினால் நொதி தானே அடங்கிவிடும். எஞ்சிய இனிப்பு பானத்திலேயே தங்கிவிடும். அரிஷ்டம் நாவுக்கு இனிப்பதன் காரணம் அதுவே.

தசமூலாரிஷ்டத்தையே எடுத்துக்கொள்வோம். பத்து வேர்கள் சேர்வதால் தசமூலம். வில்வம், பாதிரி, குமிழ், முன்னை முதலிய பெருமரங்களின் வேர் ஐந்து. சிறு செடிகளின் வேர் ஐந்து. இந்தச் சிறிய ஐந்து எவை என்றால், கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி. தமிழ் கற்றவர்களுக்கு உடனே நினைவு வரும்: காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் என்னும் நீதிநூல் இந்த ஐந்து வேரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஐந்து வேர் உடற்பிணியை நீக்குவது போலப் பாட்டுக்கு ஐந்து கருத்து உளப்பிணியை நீக்கும் என்பது அந்தப் பெயரின் உட்கிடை. கல்கத்தாக் கடையில் நிற்கும் புட்டிக்குள் நம் பதினெண்கீழ்க்கணக்கு நூலொன்றின் தலைப்பும் கரைந்திருக்கிறது!

வேர்களை இடித்து, பன்மடங்கு நீர் விட்டு, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றக் காய்ச்சுவார்கள். பானை மண்பானை. அதன் உட்புறத்தில் நெய் பூசி, நறும்புகை காட்டுவார்கள். நெய் பூசுவது மண்ணின் நுண்துளை வழியே திரவம் கசியாதிருக்க. புகை காட்டுவது வேண்டாத பூசணமும் கிருமியும் ஒழிய. நன்கு ஆறிய கஷாயத்தில் வெல்லத்தையும் தேனையும் கரைத்து, பொடிகளைத் தூவி, அவற்றோடு காட்டாத்திப் பூவைச் சேர்ப்பார்கள். வடமொழியில் இதற்குத் தாதகி என்று பெயர். செந்நிறமான இந்தச் சிறு பூவில்தான் முழு வித்தையும் இருக்கிறது. பூவின் தேனில் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தை உண்டு மதுசாரத்தைத் தருகிறது. பூவின் துவர்ப்பு, பானம் கெட்டுப் புளிக்காடியாகிவிடாமல் காக்கிறது. நுண்ணுயிரின் செயலால் நொதித்தல் நிகழ்கிறது என்பதை ஐரோப்பாவில் பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைநாட்டினார். நம் வைத்தியர்களுக்கு உயிரின் பெயர் தெரியாது. அது எந்தப் பூவில் குடியிருக்கிறது என்பது தெரிந்திருந்தது.

பிறகு பானையின் வாயில் மூடியிட்டு, மண் தோய்ந்த துணியால் சுற்றிச் சுற்றி மெழுகி அடைத்து, நெற்குவியலுக்குள்ளோ நிலத்துக்குள்ளோ புதைப்பார்கள். வெப்பம் ஏறாமலும் இறங்காமலும் ஒரே சீராக நிற்பதற்கு நெற்குவியலை விடச் சிறந்த இடம் கிராமத்தில் வேறில்லை. பதினைந்து நாளோ ஒரு மாதமோ ஆகும், குளிர்காலமானால் கூடுதலாகும். பானையில் காது வைத்துக் கேட்டால், உள்ளே நொதிக்கும் வரை மெல்லிய இரைச்சல் எழும். அது ஓய்ந்து, மிதந்த பொடியெல்லாம் அடியில் தங்கிய பின்பே முதிர்ந்தது என்பார்கள். பானை வாயில் எரியும் திரியைக் காட்டுவதும் உண்டு. கரியமிலவாயு வெளிப்படும் வரை திரி அணைந்துவிடும்; அணையாமல் நின்றெரிந்தால் வேலை முடிந்தது.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இந்த முறையில் எங்கும் வாலை இல்லை. காய்ச்சி வடித்தல் இல்லை. விளைந்தது விளைந்தபடியே வடிகட்டி வைக்கப்படுகிறது. அந்தச் சிறிதளவு மதுசாரம், நீரில் கரையாத மூலிகைச் சத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. பானம் ஆண்டுக்கணக்கில் கெடாமலும் காக்கிறது. கஷாயம் மறுநாளே ஊசிப்போகும். அரிஷ்டமோ நாட்பட நாட்பட நயம் பெறும். குளிர்பதனப் பெட்டி இல்லாத நாட்டில் ஒரு குடும்பம் மழைக்காலத்து மருந்தைக் கோடையிலேயே செய்து வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி வேறேது?

வாலை புகுந்த பிறகுதான் கதை திசை மாறிற்று. வடிப்பு முறை நம் நாட்டில் எவ்வளவு பழையது என்பது அறிஞரிடையே இன்னும் வழக்காடப்படும் பொருள். மொகலாயர் காலத்துக்கு வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. அபுல் ஃபசல் 1590களில் எழுதிய அயினி அக்பரியில் செய்முறை விளக்கமாகவே இருக்கிறது. ஒரு மணங்கு கரும்புக்குப் பத்து சேர் கருவேலம்பட்டையை இடித்துச் சேர்த்து, மும்மடங்கு நீர் விட்டு, சாடிகளில் நிரப்பி, குதிரைச் சாணம் சூழ நிலத்தில் புதைக்க வேண்டும். ஏழு முதல் பத்து நாளில் நொதிக்கும். வேகம் வேண்டுமானால் வெல்லமும், மணம் வேண்டுமானால் கற்பூரமும் அம்பரும் பிற சரக்குகளும் கூட்டுவார்கள். பின்னர் வடிப்பதற்கு மூன்று வகைக் கருவிகளை அவர் விவரிக்கிறார். இருமுறை வடித்ததற்குத் 'துஆதஷா' என்று பெயர்; இரு முறை தீயிற் பட்டது என்று பொருள். அதில் கையை நனைத்துத் தீயருகே காட்டினால், பல நிறச் சுடராகப் பற்றியெரியும், கை சுடாது என்று அவர் வியந்து எழுதுகிறார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் இளமையில் இத்தகைய இருமுறை வடித்த சாராயத்தில் நாள்தோறும் இருபது கிண்ணம் அருந்தியதாகத் தம் சரிதையில் தாமே எழுதி வைத்திருக்கிறார். இப்படியே போனால் ஆறு மாதத்தில் மருந்தில்லை என்று ஹக்கீம் ஹுமாம் அச்சுறுத்திய பின்பே அளவு குறைந்தது. அந்தப்புரத்திலும் சரி, குடிசையிலும் சரி, வைத்தியர் சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்றுதான்.

வைத்திய நூல்களும் வாலையை ஏற்றுக்கொண்டன. பைஷஜ்ய ரத்னாவளி கூறும் 'மிருதசஞ்சீவனி சுரா' என்ற மருந்து மயூர யந்திரத்தில் வடிக்கப்படுவது. மயில் வடிவான வாலை என்பது அந்தப் பெயரின் பொருள். இதனோடு மருந்துக்கும் மதுவுக்கும் இடையிலிருந்த வேலி மெலிந்துவிட்டது.

ராஜபுதனத்தில் வேலியே இல்லை எனலாம். அங்கே சிற்றரசர்களின் மாளிகைகளிலும் ஜாகீர்தாரர் இல்லங்களிலும் குங்குமப்பூ, ஏலம், சோம்பு, ரோஜா முதலிய மணப்பொருள்களைக் கூட்டி வடித்த இனிய மதுவகைகள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டன. அவற்றின் சேர்க்கை மூத்தவரிடமிருந்து இளையவருக்குச் சொல்லப்படும் ரகசியம். குளிர்காலத்தில் இது, மகப்பேற்றின்பின் இது என்று பருவமும் சந்தர்ப்பமும் வகுத்திருந்தார்கள். 1950ஆம் ஆண்டின் ராஜஸ்தான் கலால் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தனிவாலைகள் அணைந்தன. நெடுங்காலங் கழித்து, மாநில அரசின் கங்காநகர் சர்க்கரை ஆலை நிறுவனமே 'கேசர் கஸ்தூரி', 'சந்திரஹாஸ்' என்னும் பழைய பெயர்களில் அவற்றைச் செய்து விற்கத் தொடங்கிற்று. ஜெய்ப்பூரில் வாழும் நம்மவர்கள் அந்த அலங்காரப் புட்டிகளைக் கண்டிருக்கலாம். வீட்டாருக்கு மறுக்கப்பட்டது அரசின் கடையில் விலைக்குக் கிடைப்பதில் ஒரு நகைச்சுவை இல்லாமற் போகவில்லை.

ஆனால் வீட்டுப் பானையின் மேல் முதலில் கை வைத்தது சுதந்தர இந்தியா அன்று. கம்பெனி ஆட்சி வங்காளத்தில் 1790இல் மதுத் தீர்வையைத் தன் நேர்ப்பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 'அப்காரி' என்ற பாரசீகச் சொல் நாடெங்கும் கிலி பிறப்பிக்கும் சொல்லாயிற்று. சிதறிக் கிடந்த சிறு வாலைகளை ஒழித்து, ஒரே இடத்தில் பெரிய வாலை வைத்து வடித்தால் தீர்வை தப்பாது என்பது அந்தக் கொள்கை. 1878இல் பம்பாய் அப்காரிச் சட்டம் வந்தது. 1892இல் அதே மாகாணத்தில் இலுப்பைப் பூவுக்கே தனிச் சட்டம் செய்தார்கள். காட்டில் தானே உதிர்ந்து, மலைமக்கள் பஞ்சகாலத்தில் உண்டு பிழைத்த பூ, வீட்டில் வைத்திருந்தாலே கேள்வி கேட்கப்படும் பொருளாயிற்று. கௌடில்யர் வாசற்படியில் நின்றார். அப்காரி அடுக்களைக்குள் வந்து பரணை எட்டிப் பார்த்தது. மருந்து, விசேஷம் என்ற விலக்குகளுக்குத் தீர்வைக் கணக்கில் இடமில்லை.

இதைக் கொண்டு, வீட்டுப் பானை என்றால் நன்மை, அரசு என்றால் தீமை என்று முடிவு கட்டிவிடலாகாது. 1922இல் தெற்குக் குஜராத்தின் பழங்குடி மக்கள், தேவியின் கட்டளை என்று நம்பி, கூட்டங்கூட்டமாகக் கூடித் தாமே கள்ளையும் சாராயத்தையும் கைவிட்டார்கள். சாராயக் கடைக்காரரிடம் பட்ட கடன் அவர்களை நிலத்தை விட்டே விரட்டிக்கொண்டிருந்தது. குடி என்றால் என்ன என்பதைக் கடைக்காரர்கள் வருமுன்பே அறிந்திருந்தவர்கள் அவர்கள். வீட்டில் வைத்த பானை நிறுத்தப்பட்டபோது, அந்த இடத்தில் மருந்து வரவில்லை, கடைதான் வந்தது. மதுவிலக்குப் பற்றிப் பேசுவோர் இந்த வரிசையை மறப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் இந்த வழக்கு நேருக்கு நேராகவே எழுந்தது. 1948 நவம்பர் 24ஆம் நாள் மதுவிலக்கைப் பற்றிய விவாதத்தில், சோட்டா நாகபுரியின் பிரதிநிதி ஜெய்பால் சிங் எழுந்தார். 1928இல் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவராக இருந்தவர் இவரே. அரிசிக் கள் தம் மக்களுக்கு வெறும் குடியன்று, அது வழிபாட்டின் அங்கம் என்று அவர் வாதித்தார். அது இல்லையெனில் வங்காளத்துச் சந்தாலியர் நாற்று நடுவதே நின்றுவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை. வாதம் வெல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மதுபானங்களை விலக்க அரசு முயல வேண்டும் என்றே அமைந்தது. எனினும் அதற்குள்ளேயே ஒரு சிறு விலக்கு இருக்கிறது: மருத்துவ நோக்கங்கள் தவிர.

அந்த விலக்கு எத்தனை வலிவுடையது என்பது விரைவில் தெரிந்தது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949இல் பிறந்தது. மதுசாரம் கலந்த எதுவும் மதுவே என்று அது வலையை அகல வீசிற்று. பால்சரா என்பவர் தொடுத்த வழக்கில் 1951இல் உச்சநீதிமன்றம், சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்திய போதிலும், மதுசாரம் உள்ள மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் மக்கள் வைத்திருப்பதைத் தடுத்த பகுதிகளைச் செல்லாதவை என்றது. 1955இல் மத்திய அரசு மருந்து, ஒப்பனைப் பொருள் கலால் சட்டத்தை இயற்றியபோது, ஆயுர்வேத மருந்துகளை இரண்டாகப் பிரித்தது. தானே விளைந்த மதுசாரம் உடையதாயினும், சாதாரண மதுபானம் போலப் பருகத் தகாதது என்றால் வரியில்லை. பருகத் தக்கது என்றால் வரியுண்டு. ஒரு மருந்தின் தன்மையை நோயாளியின் நாவைக் கொண்டு அளந்த சட்டம் இது! கசப்பே அரிஷ்டத்தைக் காப்பாற்றிற்று. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது இந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

நம் கதைக்கு அதைவிட முக்கியமானது 1964இல் மருந்துச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அத்தியாயம். ஆயுர்வேத, யுனானி மருந்துகளை விற்பனைக்குச் செய்ய உரிமம் தேவையென்று அது விதித்தது. தம் சொந்த நோயாளிகளுக்காகச் செய்யும் வைத்தியர்களுக்கும் ஹக்கீம்களுக்கும் மட்டும் விலக்களித்தது. கௌடில்யர் குடும்பத்தாருக்கு அளித்த சலுகையின் எச்சம் இந்த ஒரு வரியில் உயிரோடிருக்கிறது. ஆனால் அது குடும்பத்தலைவியின் கையிலிருந்து வைத்தியரின் கைக்கு மாறிவிட்டது. வீட்டில் மது ஊறவைப்பதும் வடிப்பதும் அந்தந்த மாநிலத்துக் கலால் சட்டத்தின் பொறுப்பு. உரிமமின்றி வாலை வடிப்பது பொதுவாக எங்கும் குற்றமே.

சட்டம் இத்தனை கவலைப்படுவதற்குக் காரணமில்லாமலில்லை. 2023இன் இறுதியில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், ஆசவம் என்று பெயரிட்டு விற்ற திரவத்தைப் பருகிச் சிலர் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெதனால் என்னும் நஞ்சு. பானையில் பூவும் வெல்லமும் கூடி விளைவிப்பது எதனால். மெதனால் வேறொருவர் பீப்பாயிலிருந்து கலக்க வந்தது. மதுவிலக்கு நாட்டில் மருந்தின் பெயரே முகமூடியானது. நம்பகமான வைத்தியசாலையின் சரக்கா, முகவரி தெளிவாக உள்ளதா என்று பார்த்து வாங்குவது வெளியூரில் வாழும் நமக்கு மிக அவசியம்.

வீட்டுப் பானை எஞ்சியிருப்பது எங்கே? ராஞ்சியிலும் ஜாம்ஷெட்பூரிலும் பணிபுரியும் தமிழர்கள் வாரச்சந்தையில் அதை நாள்தோறும் கடந்து செல்கிறார்கள். பானைகளின் முன்னே அமர்ந்து, வெண்ணிறமான ஹண்டியாவை விற்கும் பெண்களைக் கண்டிராதவர் அங்கே இல்லை. சோற்றை ஆறவிட்டு, அதில் 'ரானு' என்னும் சிறு வெள்ளை உருண்டைகளைப் பொடித்துக் கலந்து, சில நாள் மூடி வைத்தால் ஹண்டியா. ரானு என்பது அரிசி மாவில் காட்டு வேர்களையும் பட்டைகளையும் சேர்த்துப் பிடித்து உலர்த்திய நொதி. கௌடில்யரின் கிண்வம் இன்றும் உருண்டை வடிவில் சந்தையில் விலைக்குக் கிடைக்கிறது. எந்த வேர், எத்தனை பங்கு என்பதைக் கிழவிகள் அறிவார்கள், ஏடு இல்லை. முதல் துளி முன்னோருக்கும் தெய்வத்துக்கும் படைத்த பிறகே மனிதர்க்கு. பழங்குடி மக்கள் தம் உபயோகத்துக்கு மட்டும் இவற்றைச் செய்துகொள்ளச் சில மாநிலங்கள் சட்டத்தில் விலக்கு அளித்துள்ளன. ஜெய்பால் சிங் சபையில் தோற்றது மாநிலங்களின் கலால் விதிகளில் சிறிது சிறிதாகத் திரும்பி வந்திருக்கிறது.

அசாமின் மலைப்பகுதியில், ரயில்வே வேலையாய்ச் சென்ற நம்மவர் பலர் அறிந்த ஹாப்லாங் பக்கத்தில், திமாசா மக்கள் 'ஜுதிமா' என்னும் அரிசி மதுவைச் செய்கிறார்கள். ஒட்டும் தன்மையுள்ள மலையரிசியும், 'தெம்ப்ரா' என்னும் முட்கொடியின் பட்டையும் சேர்வது அதன் தனிச்சிறப்பு. இனிப்புச் சுவையுடைய அது நாட்பட்டாலும் கெடுவதில்லை. 2021இல் ஜுதிமாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; வடகிழக்கின் மரபுப் பானங்களில் அந்தச் சிறப்பை முதலில் பெற்றது அதுவே. திருவிழாவிலும் திருமணத்திலும் அது இல்லாமல் காரியம் தொடங்குவதில்லை. பட்டையை உரித்துக் காயவைத்து, அரிசியோடு இடித்து, மாவைப் பிசைந்து பானையில் இடுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. சிறுமியர் பக்கத்தில் நின்று பார்த்தே பழகிக்கொள்கிறார்கள்.